பூனையும் வாத்தும் நடத்திய பொருளாதார வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்ட்டூன்களைப் போட்டுக் காட்டிப் பொருளாதாரம் பேசுவது சில காலமாக என் வழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் வணிகவியல் மாணவர்கள். கூடவே சில பெற்றோரும் வருவார்கள். படம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

பொருளாதாரம் சொல்லித்தர்றதுக்குன்னே கார்ட்டூன் எடுத்தாங்களா? நிஜமாவா?

நிஜம்தான். 1942க்கும் 1967க்கும் இடையில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த வகைப் படங்கள் நிறைய வந்தன. வரி, பணவீக்கம், மூலதனம், பெருமளவு உற்பத்தி, லாபம், சுங்க வரி, சமூகக் காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு. சில படங்கள் தியேட்டரில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓடின. மற்றவை பள்ளி, தொழிற்சாலை, சங்கக் கூட்டம் என்று போயின. பெரும்பாலும் ஆறிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இவை ஏனோதானோவென்று எடுத்த பாடப் படங்கள் அல்ல. டொனால்ட் டக், சில்வெஸ்டர் பூனை, எல்மர் ஃபட் போன்ற பெரிய நட்சத்திரங்கள் நடித்தார்கள். அந்தக் காலத்தின் தலைசிறந்த கலைஞர்கள் வரைந்தார்கள். இன்றும் பார்க்க முடிகிறது என்றால் அந்தக் கைத்திறன்தான் காரணம்.

யார் காசு போட்டாங்க? அவங்களுக்கு என்ன லாபம்?

நான் எந்தப் படத்தைப் போடும் முன்பும் முதலில் சொல்வது இதைத்தான். போர்க்காலத்தில் அமெரிக்க நிதித்துறை காசு போட்டது. போருக்குப் பிறகு முக்கியமாக ஆல்ஃப்ரெட் ஸ்லோன் அறக்கட்டளை. ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தைப் பல்லாண்டு தலைமையேற்று நடத்திய ஸ்லோன் 1934ல் தொடங்கியது அது. அதன் பணத்தில், ஆர்க்கன்சா மாநிலத்திலிருந்த ஹார்டிங் கல்லூரிக்காக ஜான் சதர்லேண்ட் என்பவரின் நிறுவனம் 1948 முதல் ஒரு வரிசையே எடுத்துக் கொடுத்தது. சதர்லேண்ட் முன்பு டிஸ்னியில் இருந்தவர். அதே அறக்கட்டளையின் ஆதரவில்தான் வார்னர் பிரதர்ஸின் ஃப்ரிஸ் ஃப்ரெலெங் 1954, 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் மூன்று கார்ட்டூன் படங்களை இயக்கினார்.

நியூயார்க் பங்குச் சந்தை, அமெரிக்க வர்த்தக சபை, பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கம் ஆகியவையும் சதர்லேண்டிடம் படம் எடுத்துக்கொண்டன. பிரிட்டனில் அரசாங்கமே செலவு செய்தது. நோக்கம் ஒன்றும் மறைவானதல்ல. பனிப்போர் தொடங்கியிருந்தது, அமெரிக்காவில் வேலைநிறுத்தங்கள் ஓய்ந்தபாடில்லை. தனியார் தொழில்முறைதான் நல்லது என்று சாதாரணத் தொழிலாளி மனதார நம்பவேண்டும் என்று இவர்கள் விரும்பினார்கள்.

அப்படின்னா இதெல்லாம் வெறும் பிரச்சாரம்தானே? எதுக்கு பார்க்கணும்?

பிரச்சாரம் என்பது சரி. ‘வெறும்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் படங்கள் சொல்லும் பொருளாதார இயக்கங்களில் பல உண்மையானவை: உற்பத்தி கூடினால் ஒரு பொருளுக்கான அடக்கவிலை குறைவது, பணம் அளவுக்கு மீறிப் புழங்கினால் விலை ஏறுவது, கருவி நல்லதாக இருந்தால் உழைப்பின் பலன் பெருகுவது. பாடப்புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை இவை ஒரே காட்சியில் மனதில் பதியவைத்துவிடும்.

பொய் சொல்வதைவிட, பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் இவற்றின் குறை. எந்தப் பாதி விடுபட்டது என்பது பெரும்பாலும் யார் காசு போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த மீதிப் பாதியைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த மாணவர், புத்தகத்தை மனப்பாடம் செய்தவரைவிடப் பொருளாதாரம் நன்றாகக் கற்றவர் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அந்தத் தேடல்தான்.

டொனால்ட் டக் இன்கம்டாக்ஸ் கட்டின படம் இருக்காமே?

இருக்கிறது. ‘தி நியூ ஸ்பிரிட்’, 1942. போருக்கு நிதி தேவைப்பட்டதால் வரிவிலக்கு வரம்பைக் குறைத்திருந்தார்கள். அதுவரை வரியே கட்டாத லட்சக்கணக்கான சாதாரண மக்கள் முதல்முறையாகப் படிவம் நிரப்ப வேண்டிய நிலை. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறை 1943ல்தான் வந்தது. அதுவரை அவரவர் சேர்த்து வைத்து அவரவரே கட்டவேண்டும். கட்டாமல் விட்டுவிடுவார்களோ என்ற கவலை நிதித்துறைக்கு.

படத்தில் டொனால்ட் மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறார். தொழில்: நடிகர். ஆண்டு வருமானம் 2,501 டாலர். சார்ந்து வாழ்பவர்கள்: ஹ்யூயி, டூயி, லூயி என்ற மூன்று பையன்கள். கட்டவேண்டிய வரி 13 டாலர். பேனா, மை எல்லாமே பாத்திரங்களாக எழுந்து நின்று அவருக்கு வழிகாட்டுகின்றன. ‘இது பெரிய வித்தையில்லை, உன்னாலும் முடியும்’ என்று ஜனங்களுக்குச் சொல்லும் காட்சி அது. அதன்பின் அந்தப் பணம் துப்பாக்கியாகவும் கப்பலாகவும் மாறுவதைக் காட்டுகிறார்கள். வரி எங்கே போகிறது என்று கண்ணால் காட்டியதுதான் இந்தப் படத்தின் பலம்.

நிதித்துறைச் செயலர் மார்கென்தாவின் ஆட்களுக்கு முதலில் டொனால்ட் பிடிக்கவில்லை. எங்களிடம் டொனால்ட் என்றால் எம்ஜிஎம் ஸ்டூடியோவிடம் அதன் பெரிய நட்சத்திரமான கிளார்க் கேபிள் மாதிரி என்று வால்ட் டிஸ்னி சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தார். படத்துக்கான 80,000 டாலர் ஒதுக்கீட்டை நாடாளுமன்றத்தின் கீழவை மறுத்துவிட்டது. வரி கட்டு என்று சொல்லும் படத்துக்கே வரிப்பணமா என்று சண்டை.

அதுக்கு ரெண்டாம் பாகம் உண்டா?

அடுத்த ஆண்டே வந்தது, ‘தி ஸ்பிரிட் ஆஃப் 43’. சம்பள நாளன்று டொனால்டின் மனசு இரண்டாகப் பிரிகிறது. ஒருவர் ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டிய சிக்கனக்காரர். இன்னொருவர் பளபளப்பான உடுப்பில் வரும் ஊதாரி. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஊதாரி இழுத்துப்போகும் மதுக்கடையின் கதவு ஆடும்போது நாஜி ஸ்வஸ்திகாவாகத் தெரியும். சேமிப்பா செலவா என்ற சொந்த முடிவை நாட்டுப்பற்றாகவும் துரோகமாகவும் அப்படியே மாற்றிவிடும் காட்சி அது. போர்க்காலத்தில் அதற்கு நியாயம் உண்டு. கடைகளில் பொருள் குறைவு, எல்லார் கையிலும் சம்பளப் பணம். அதை எல்லாரும் செலவழித்தால் விலை எகிறும்.

சில்வெஸ்டர் எலியைத் துரத்துறதுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

1954ல் வந்த ‘பை வர்ட் ஆஃப் மவுஸ்’ படத்தைக் கேட்கிறீர்கள். ஹான்ஸ் என்ற ஜெர்மன் எலி அமெரிக்காவிலிருக்கும் உறவுக்கார எலி வில்லியைப் பார்க்கப் போகிறது. கடைகளில் அம்மும் கூட்டமும் சாலை நிறையக் காரும் அதை வாய்பிளக்க வைக்கின்றன. இவ்வளவு பேரிடம் இவ்வளவு பொருள் எப்படி என்று கேட்கிறது. வில்லிக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பேராசிரியர் எலியிடம் கூட்டிப்போகிறது. அவர் பெருமளவு உற்பத்தி, பெருமளவு நுகர்வு, போட்டி என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே சில்வெஸ்டர் பாய்கிறது. ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், ஒளிந்த இடத்தில் பாடம் தொடர்கிறது.

துரத்தல் வெறும் மசாலா என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாடம் அறுந்து அறுந்து வருவதால்தான் ஒவ்வொரு துண்டும் நினைவில் நிற்கிறது. ஆனால் ஹான்ஸ் ஒருமுறைகூட எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். போரில் நொறுங்கி, அமெரிக்க உதவியில் எழுந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்த எலி அது. அதைக் கேட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

நிறைய செஞ்சா செலவும் நிறையத்தானே ஆகும்? விலை எப்படி குறையும்?

மொத்தச் செலவு கூடத்தான் செய்யும். ஒரு பொருளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இயந்திரம் 10,000 டாலர், ஒரு ஜோடிக்குத் தோலும் கூலியும் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஜோடி செய்தால் மொத்தம் 12,000. ஒரு ஜோடிக்கு 12 டாலர் அடக்கம். பத்தாயிரம் ஜோடி செய்தால் மொத்தம் 30,000. ஜோடிக்கு 3 டாலர்தான். இயந்திரத்தின் விலை அதிகப்பேரின் தலையில் பங்கு பிரிகிறது, அவ்வளவுதான்.

இதில் கொக்கி ஒன்று உண்டு. பத்தாயிரம் ஜோடியையும் வாங்க ஆள் இருக்கவேண்டும், அந்த ஆளின் கையில் காசு இருக்கவேண்டும். 1914ல் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தது ஏன் இன்றும் பேசப்படுகிறது என்றால் இந்தப் புள்ளியால்தான். பேராசிரியர் எலி நுகர்வைப் பற்றிப் பேசுகிறது. நுகர்வோரின் சம்பளம் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் போராடினார்கள் என்பது அந்தப் படத்தில் இல்லை. அடக்கவிலை குறைந்தால் விற்கும் விலையும் குறையும் என்பதும் தானாக நடப்பதில்லை, அதற்குப் போட்டி வேண்டும். அது கடைசிக் கேள்வியில் வருகிறது.

ஒரு படத்துல ‘நிறைய வாங்கு’ங்கறாங்க, இன்னொண்ணுல ‘செலவழிக்காதே, முதலீடு பண்ணு’ங்கறாங்க. எது சரி சார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் எழுந்து நின்று பாராட்டினேன். அவர் சொன்ன இரண்டாவது படம் ‘எய்ர் கண்டிஷன்ட்’, 1955. சில்வெஸ்டருக்குப் பெரிய சொத்து வந்து சேர்கிறது. தெருப்பூனைகள் எல்லாம் சேர்ந்து கொண்டாடித் தீர்க்கலாம் என்று கூப்பிடுகின்றன. நிதி ஆலோசகராக வரும் எல்மர் ஃபட், வேண்டாம், தொழிலில் போடு, புதிய தொழிற்சாலை வரும், வேலை வரும், எல்லார் வாழ்க்கைத் தரமும் உயரும் என்கிறார்.

முரண்பாடு உண்மையானது. எல்லாரும் வாங்கினால்தான் தொழிற்சாலை ஓடும் என்பது எலி சொன்ன பாடம். எல்லாரும் சேமித்தால்தான் தொழிற்சாலை எழும் என்பது எல்மர் சொல்லும் பாடம். ஆட்கள் முழுக்க வேலையில் இருந்து, பொருளுக்குத் தட்டுப்பாடும் இருக்கும் காலத்தில் எல்மர் சொல்வது பொருந்தும். கடைகள் காற்று வாங்கி, தொழிற்சாலைகள் பாதி மூடிக்கிடக்கும் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால், விற்பனை இன்னும் விழுந்து வேலையும் வருமானமும் குறையும். கடைசியில் சேமிப்பும் பெருகாது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கீன்ஸ் 1936ல் வற்புறுத்தியது இதைத்தான். 1955ல் அமெரிக்கா நல்ல வளர்ச்சியில் இருந்தது என்பதால் எல்மரின் பேச்சு அன்றைக்கு எடுபட்டது.

எல்மர் இன்னொன்றையும் தாண்டிப்போகிறார். நீங்கள் சந்தையில் வாங்கும் பங்கு பெரும்பாலும் வேறொருவர் விற்பது. உங்கள் பணம் அவர் கைக்குப் போகிறது; அதனால் நேரடியாக எந்தப் புதுத் தொழிற்சாலையும் எழுவதில்லை. நிறுவனம் புதிதாக வெளியிடும் பங்கை வாங்கினால்தான் பணம் நேராக நிறுவனத்துக்குப் போகும். பழைய பங்குச் சந்தைக்கும் பயன் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் புதுப் பங்கை வாங்க ஆள் வரும். ஆனால் பங்கில் போட்டது எல்லாம் தொழிலில் போட்டது ஆகாது.

பணவீக்கம் புரியணும்னா எதைப் பார்க்கலாம்?

ஸ்க்ரூஜ் மாமாதான். கார்ல் பார்க்ஸ் 1947ல் காமிக்ஸுக்காக உருவாக்கிய கோடீஸ்வர வாத்து அவர். நம்மில் பலருக்கு 1990களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ஓடிய ‘டக்டேல்ஸ்’ வழியாகப் பழக்கம். அவர் தியேட்டர் திரையில் முதலில் தோன்றியதே ஒரு பொருளாதாரப் பாடத்தில்தான்: ‘ஸ்க்ரூஜ் மெக்டக் அண்ட் மணி’, 1967. உப்பும் கிளிஞ்சலும் பணமாக இருந்த காலத்திலிருந்து தொடங்கி, நோட்டை அடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும், குடும்ப வரவுசெலவு எப்படி, பணத்தை ஏன் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று பையன்களுக்கு விளக்கிவிட்டு, கடைசியில் ஆலோசனைக் கட்டணமாக மூன்று சென்ட் வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் பணவீக்கத்துக்கு மட்டும் என்றால் என் தேர்வு ட்ராலா லா கதை. பார்க்ஸ் 1954ல் வரைந்தது, பிறகு டக்டேல்ஸிலும் வந்தது. பணம் என்பதே தெரியாத மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் ஸ்க்ரூஜின் மருந்துப் பாட்டில் மூடி கிடைக்கிறது. அதுவரை யாரும் பார்த்திராத பொருள் என்பதால் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள், அதுவே செல்வமாகிவிடுகிறது. சண்டையைத் தீர்க்க ஸ்க்ரூஜ் விமானத்தில் மூடிகளைக் கொண்டுவந்து கொட்டவைக்கிறார். மூடி மழையாகப் பெய்து வயலை மூடுகிறது. எல்லாரிடமும் இருப்பதால் யாருக்கும் வேண்டாத குப்பையாகிறது, விளைச்சலும் கெடுகிறது. தங்கம், நோட்டு என்ற பழக்கமான முகமூடி எதுவும் இல்லாமல், பணத்தின் மதிப்பு அதன் அருமையில் இருக்கிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய வேறு கதையை நான் பார்த்ததில்லை.

அப்போ அரசாங்கம் நோட்டு அடிச்சாலே விலை ஏறிடுமா?

அப்படி நேர்க்கோடு போட முடியாது. பள்ளத்தாக்கில் மூடி கூடியபோது நெல் கூடவில்லை. அதனால்தான் மூடி மதிப்பிழந்தது. பணம் கூடும்போது பொருளும் கூடினால் விலை அசையாமல் இருக்கலாம். ஆள் வேலையில்லாமலும் இயந்திரம் சும்மாவும் கிடக்கும்போது புதிதாக வரும் பணம் முதலில் உற்பத்தியைத் தூண்டும், அதன்பிறகே விலையைத் தொடும். மக்கள் வாங்கிய பணத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டாலும் விலை உடனே ஏறாது. ஸ்க்ரூஜின் படம் சொல்வது அளவுமீறிய நிலையைப் பற்றி; அந்த நிலைக்கு அது சரி.

சம்பளம் ஏறினா விலை ஏறும், அதனால சம்பளம் கேட்காதேன்னு ஒரு பொம்மைக் கார்ட்டூன் சொல்லுதே. சரியா?

‘வை ப்ளே லீப் ஃப்ராக்’, 1949, ஸ்லோன் பணத்தில் எடுத்த வரிசையில் ஒன்று. ஜோ என்ற தொழிலாளி பொம்மைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சம்பள உயர்வு கிடைக்கிறது. சந்தோஷமாகக் கடைக்குப் போனால் விலையெல்லாம் ஏறியிருக்கிறது. சம்பளம் ஒரு தாவு, விலை ஒரு தாவு, பச்சைக்குதிரை விளையாட்டு மாதிரி. பொம்மையின் விலையைப் பிரித்துக் காட்டி, அதில் பெரும்பங்கு யாரோ ஒருவரின் கூலிதான், ஆகவே உற்பத்தித் திறனைக் கூட்டினால்தான் உண்மையான உயர்வு என்று முடிக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொம்மை 100 ரூபாய். கூலி 60, பொருள் 30, லாபம் 10. கூலி பத்து விழுக்காடு ஏறினால் 66 ஆகும். லாபத்தைத் தொடாமல் விட்டால் விலை 106. விலை ஆறு விழுக்காடுதான் ஏறியிருக்கிறது, கூலி பத்து. லாபத்திலிருந்து பாதியை எடுத்தால் விலை 101. அதே ஆட்கள் பத்து விழுக்காடு கூடுதலாகப் பொம்மை செய்தால் ஒரு பொம்மைக்கான கூலி மறுபடி 60தான், விலை ஏறவே வேண்டாம். உற்பத்தித் திறன் பற்றிப் படம் சொல்வது சரி. லாபம் மட்டும் கல்வெட்டு மாதிரி மாறாதது என்று எடுத்துக்கொள்வதுதான் கோளாறு.

இனி வரலாறு. போர்க்கால விலைக்கட்டுப்பாடு 1946ல் விலகியது. 1947ல் அமெரிக்காவில் பணவீக்கம் 14 விழுக்காட்டைத் தாண்டியது. அதற்கு முன்பே, 1945 நவம்பர் முதல் 1946 மார்ச் வரை 113 நாள், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் தலைவர் வால்டர் ரூதர் வைத்த கோரிக்கை: கார் விலையை ஏற்றாமல் 30 விழுக்காடு சம்பள உயர்வு, முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். கிடைத்தது மணிக்கு 18.5 சென்ட், கணக்கு திறக்கப்படவில்லை. அந்த நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்தவர் அதே ஸ்லோன். இரண்டாண்டு கழித்து, 1948ல், விலைவாசிக் குறியீட்டோடும் உற்பத்தித் திறனோடும் சம்பளத்தை இணைக்கும் ஒப்பந்தத்தில் அதே நிறுவனம் கையெழுத்திட்டது. சம்பளமும் விலையும் பற்றி மேசையில் பேசித் தீர்க்க முடியும் என்று நடைமுறை காட்டிய மறுவருடமே, சம்பள உயர்வு வீண் தாவல் என்று சொல்லும் படம் வந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சொல்லாமல் அந்தப் படத்தை மாணவர்களுக்குப் போடக்கூடாது என்பது என் கட்சி.

தொழிலாளி பக்கம் யாரும் கார்ட்டூன் எடுக்கலையா?

எடுத்தார்கள். மேலே சொன்ன வேலைநிறுத்தத்தை நடத்திய அதே கார்த் தொழிலாளர் சங்கம் 1944ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டின் தேர்தலுக்காக ‘ஹெல் பென்ட் ஃபார் எலெக்‌ஷன்’ என்ற படத்தை எடுக்கவைத்தது. இயக்கியவர் சக் ஜோன்ஸ். புத்தம்புது வேகரயிலாக ரூஸ்வெல்டும், பழைய கரிவண்டியாக எதிர்த்தரப்பும் வருவார்கள்.

பிரிட்டனில் அட்லீயின் தொழிற்கட்சி அரசு, ஜான் ஹாலஸ், ஜாய் பாட்செலர் தம்பதியை வைத்து ‘சார்லி’ வரிசையை எடுத்தது. சார்லி ஒரு முணுமுணுப்புப் பேர்வழி. வாராவாரம் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பதா என்று அலுத்துக்கொள்வார். பழங்காலத்துக்குப் போய், நோயும் முதுமையும் வந்தவன் கதி என்ன என்று பார்த்துவிட்டு வருவார். தேசியக் காப்பீடு 1948 ஜூலை 5ல் தொடங்கியது, படமும் அந்த ஆண்டுதான். ஜனங்களின் முணுமுணுப்பையே கதாநாயகனாக்கியது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. ஆனாலும் அரசின் செலவில் எடுத்த படம். பிடித்தம் உயர்ந்துகொண்டே போனால் என்ன என்று சார்லி கேட்பதில்லை.

சோவியத் பக்கம் 1963ல் ‘பங்குதாரர்கள்’ என்ற படம் வந்தது. அமெரிக்கத் தொழிலாளி ஒருவருக்கு நிறுவனத்தின் பங்கு கிடைக்கிறது. முதலாளியாகிவிட்டோம் என்று நம்பிக் கடனில் எல்லாம் வாங்கிக் கடைசியில் எல்லாம் போகிறது. எல்மர் சொன்ன பாடத்துக்கு நேர் மறுபக்கம். அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், இரண்டும் எதை மறைக்கின்றன என்பது தானாகத் தெரியும்.

செருப்புத் தைக்கிறவர் கதை ரெண்டு படத்துல வருதே, ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ஒன்று ‘யாங்கி டூட் இட்’, 1956, ஃப்ரெலெங்கின் மூன்றாவது படம். இரவில் வந்து இலவசமாகச் செருப்புத் தைத்துத் தரும் மாயக் குள்ளர்களை நம்பி ஒரு செருப்புக்காரர் பிழைக்கிறார். குள்ளர்களின் அரசராக வரும் எல்மர் ஃபட் தன் ஆட்களைத் திரும்ப அழைக்க வருகிறார். இயந்திரம் வாங்கு, மூலதனம் திரட்டு, லாபத்தை மறுபடி தொழிலிலேயே போடு என்று புத்தி சொல்கிறார். ஒரு குறிப்பிட்ட சொல்லை உச்சரித்தால் குள்ளர்கள் எலியாகிவிடுவார்கள் என்பதால் சில்வெஸ்டருக்கும் வேலை இருக்கிறது.

மற்றது ‘தி ஷூமேக்கர் அண்ட் த ஹாட்டர்’. ஹாலஸ், பாட்செலர் தம்பதி, போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்டெழுப்ப அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்துக்காக எடுத்தது. போர் தின்ற ஐரோப்பிய ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கடை. செருப்புக்காரர் நிறைய செய்து மலிவாக, எல்லை தாண்டியும் விற்க நினைக்கிறார். தொப்பிக்காரர் குறைவாகச் செய்து அதிக விலைக்கு விற்க நினைக்கிறார். வெளியூர்த் தொப்பிக்குச் சுங்க வரி போடு என்கிறார். சுங்க வரி தொப்பிக்காரரைக் காப்பாற்றும், செலவு தொப்பி வாங்கும் எல்லார் தலையிலும் விழும் என்பது மிகத் தெளிவாக வருகிறது. வெளிநாட்டு மலிவுத் தொப்பி வந்து கடையை மூடியவர் அடுத்து என்ன வேலைக்குப் போவார் என்பது வரவில்லை. வாணிபப் பாடத்துக்கு நான் போடுவது இந்தப் படத்தைத்தான். முதலாவதைவிட எவ்வளவோ நேர்மையானது, ஏனென்றால் எதிர்த்தரப்புக்கும் ஒரு முகம் கொடுத்திருக்கிறது.

சின்னப் பிள்ளைங்களுக்குக் காட்டலாமா? இங்கிலீஷ் புரியாதே.

ஸ்க்ரூஜையும் டொனால்டையும் எட்டு ஒன்பது வயதிலேயே காட்டலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் போதும். ஹார்டிங் வரிசையைப் பதினொன்றாம் வகுப்புக்குக் கீழே காட்ட நான் விரும்புவதில்லை. ‘மீட் கிங் ஜோ’ போன்ற படங்களில் அமெரிக்கத் தொழிலாளியை உயர்த்திக் காட்ட ஆசியத் தொழிலாளியை வரைந்திருக்கும் விதம் நம் பிள்ளைகளைப் புண்படுத்தும். காட்டினால் நிறுத்திப் பேசிவிட்டுத் தொடருங்கள்.

எங்க கிடைக்கும்?

சதர்லேண்டின் படங்கள் பலவும் அரசுக்காக எடுத்த ‘தி நியூ ஸ்பிரிட்’டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. வார்னர் படங்களுக்கும் ஸ்க்ரூஜ் படத்துக்கும் காப்புரிமை உண்டு. முறையான வெளியீட்டில் பாருங்கள்.

போட்டி இருந்தா எல்லாம் நல்லா நடக்கும்னு செவ்வாய் கிரகக் கார்ட்டூன் சொல்லுது. ஆனா எண்ணெய்க் கம்பெனிங்கதானே எடுத்தது? அங்க போட்டி இருந்துச்சா?

‘டெஸ்டினேஷன் எர்த்’, 1956. செவ்வாயை ஆக் என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். உளவு பார்க்க அனுப்பிய ஆள் அமெரிக்காவில் இறங்கி, காரும் சாலையும் பார்த்து வியந்து, இதற்கெல்லாம் எண்ணெயும் போட்டியுமே காரணம் என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்பிச் சொல்ல, மக்கள் ஆக்கைக் கவிழ்த்துவிடுகிறார்கள். வரைகலையில் இந்த வரிசையிலேயே சிறந்த படம்; வண்ணமும் கோடும் கண்ணை எடுக்கவிடாது.

உங்கள் சந்தேகம் நியாயமானது. எண்ணெய்த் தொழிலில் ஸ்டாண்டர்ட் ஆயில் தனியாட்சி நடத்தியதால்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911ல் அதை உடைத்து 34 நிறுவனங்களாக்கியது. போட்டி தானாக நிலைக்கவில்லை, சட்டம் வந்து உண்டாக்கவேண்டியிருந்தது. படம் வந்த 1950களிலும் டெக்சாஸ் கிணறுகளில் எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்பதை அந்த மாநிலத்தின் ரயில்ரோடு கமிஷன் என்ற அரசு அமைப்பு ஒதுக்கீடு செய்துவந்தது. 1930களில், எண்ணெய் வரம்பில்லாமல் பொங்கி விலை சரிந்தபோது தொடங்கிய ஏற்பாடு அது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் விளைவு. செவ்வாய்க்காரர் இதைப் பார்க்காமலேயே ஊர் திரும்பிவிட்டார்.

போட்டி விலையைக் குறைக்கும், தரத்தைக் கூட்டும் என்ற கருத்தில் பிழையில்லை. செருப்புக் கணக்கில் அடக்கவிலை குறைந்த பலன் வாங்குபவருக்கு வந்து சேரவேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டிய தொழில் பொருத்தமானதல்ல. படம் வெளியான மூன்றாவது ஆண்டே, 1959ல், வெளிநாட்டு எண்ணெய் மலிவாக உள்ளே வந்து உள்நாட்டுக் கிணறுகளைப் பாதிக்காதிருக்க அமெரிக்க அரசு இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தது. தொப்பிக்காரர் கேட்ட அதே பாதுகாப்பு. அது 1973 வரை நடப்பில் இருந்தது.